படிக்காமல் அமுக்கிய 'ஓகே'

தொண்ணூறுகளின் கடைசியில், என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் டெக்னீஷியன். வீட்டிலும் கம்ப்யூட்டர் வைத்திருந்ததால் கொஞ்சம் மிதப்பு உண்டு.

வேலையிடத்தில் எனக்கு வாய் அதிகம். மெஷின் திரையில் கோளாறு என்று எழுத்து வந்தால், ஆப்பரேட்டர் பெண்கள் அதைப் படிக்காமலே பட்டனை அமுக்கி ஓட விடுவார்கள். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு அமுக்குங்க லா!" என்று நாளைக்குப் பத்துத் தடவையாவது கத்துவேன்.

என் அக்கா அப்போது மெல்போர்னில் இருந்தாள். கூட வேலை பார்த்த சீனரைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா அவளோடு பேச்சை நிறுத்தி நாலு வருஷம். போன் அடித்தால் அவர் எடுத்துவிடுவாரோ என்று பயந்து அவள் போன் செய்வதே இல்லை. அவளும் வீடு மாறிவிட்டதால் புது நம்பர் என்னிடம் இல்லை. எங்களுக்குள் மின்னஞ்சல் மட்டும்தான்.

பெண் பார்த்து முடிவான அன்று, அப்பா தட்டைப் பார்த்தபடியே, "மூணாவது முடிச்சை அவதானே போடணும். வரச் சொல்லு," என்றார். தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போடுவது எங்கள் வழக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன்.

அந்த வாரம்தான் இண்டர்நெட் கம்பெனியை மாற்றியிருந்தேன். அப்போதெல்லாம் போன் லைன் வழியாகத்தான் இண்டர்நெட், பழையதில் லைன் கிடைப்பதற்குள் உயிர் போகும். புதியதில் சட்டென்று கிடைத்தது, பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வந்த கடிதங்களும் ஒழுங்காக வந்தன. ஒவ்வொரு தடவையும் கடிதங்கள் வந்த பிறகு திரையில் எழுத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். வர வேண்டியது வந்துவிட்டதே என்று 'ஓகே'யை அமுக்கிவிட்டு லைனை வெட்டிவிடுவேன்.

அக்காவிடமிருந்து பதிலே இல்லை. இன்னும் இரண்டு தடவை எழுதினேன். பிறகு ஒரே ஒரு வரி வந்தது. "உனக்குக் கல்யாணமாமே? நல்லா இரு."

நல்லா இருவாம்! அப்பாவே இறங்கி வந்து கூப்பிட்டும் இவ்வளவு திமிரா? கோபம் தலைக்கேறி நாலாவதாக ஒரு கடிதம் எழுதினேன். அதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'நீ செத்தாலும் வரமாட்டோம்' வரைக்கும் போய்விட்டேன். சித்தி மகளையே முடிச்சுப் போடச் சொல்லலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவதாகச் சொன்ன ஈப்போ நண்பன் போன் செய்து, "எங்கடா வாசகம்? மெயில் ஒண்ணும் வரல லா," என்றான். உடனே புதுக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் என் பெயரைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"அண்ணே, ஒரு சின்னப் பெட்டி வந்திருக்குமே. அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"படிக்கல," என்றேன்.

"பரவால்லண்ணே. அவுட்பாக்ஸைத் திறங்க."

திறந்தேன். நண்பனுக்கு ஒன்று, அக்காவுக்கு நாலு. ஒன்றுகூடப் போகவில்லை. வந்த கடிதத்தை எடுத்துக்கொள்ளப் பழைய கம்பெனி விடுமாம், அடுத்த கம்பெனி லைனில் வருகிறவன் கடிதத்தை வெளியே அனுப்பாதாம்.

"அனுப்புற சர்வர்ல மட்டும் எங்க பேரைப் போடுங்க. லைன்ல போனதும் எல்லாம் ஒண்ணாப் போயிரும்."

எல்லாமா? போனை வைத்துவிட்டு நாலாவது கடிதத்தைப் படித்தேன். அழித்தேன். குப்பைப் பெட்டியிலிருந்தும் அழித்தேன். அதற்குப் பிறகுதான் சர்வர் பெயரை மாற்றி லைனில் போனேன். மற்றவை போய்ச் சேர்ந்தன, அந்தச் சின்னப் பெட்டி வரவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. அப்பா எடுத்தார். "எப்ப வர்ற? மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா," என்றார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

அக்கா வந்தாள். மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு, "நீ என்னை மறந்துட்டேன்னு நெனச்சு எப்படி அழுதேன் தெரியுமாடா," என்று காதில் சொன்னாள். அதன்பிறகு தொழிற்சாலையில் நான் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை. யாராவது பதில் போடாவிட்டால், முதலில் என் பக்கம் என்ன கோளாறு என்று பார்க்கிறேன். அந்த நாலாவது கடிதம் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது, எனக்குத்தான் அதன் ஒவ்வொரு வரியும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.