உதட்டுச் சாயம்

பள்ளி ஆண்டு விழாவில் கரகம் ஆடிவிட்டு வந்த என் மகளின் முகத்தைத் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். அரிதாரமும் எண்ணெயும் கலந்த அந்த வாசம், கொடைரோடு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள், நிறுத்தட்டும்.

அப்பாவின் நாடக செட்டு அங்கேதான் வேஷம் கட்டும். சாயங்காலம் வெயில் இறங்க, சூடு ஆறும் தகரம் டக் டக்கென்று சத்தம் போட, ஆர்மோனியக்காரர் கட்டைகளைத் தட்டிப் பார்க்க, அப்பா கொஞ்சம் கொஞ்சமாக ராணியாகிக்கொண்டிருப்பார். கடைசியில் உதட்டுக்குச் சிவப்பு பூசியதும் அவருக்குப் பீடி கேட்கும். சாயம் கலையக் கூடாதே என்று பீடியை விரலிடுக்கில் செருகி, இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்து, உதட்டில் படாமல் வாயைச் சுற்றிப் பொத்திக்கொண்டு இழுப்பார்.

"உதட்டுல பட்டுருச்சா பாரு ஆத்தா."

"படலப்பா."

பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்கு அம்புட்டுப் பெருமை. புகை உள்ளே எங்கே போய்ப் படுகிறதென்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

புற்று வந்து குரல்வளையை எடுத்தபிறகு, கழுத்திலுள்ள ஓட்டையை விரலால் பொத்தினால்தான் அப்பாவுக்குப் பேச்சு வரும். இப்போது மகளின் கன்னத்தைத் துடைத்து முடித்து, பஞ்சை அவள் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கழுத்தைப் பொத்திக்கொண்டு கரகரவென்று சொன்னார்:

"உதட்டுச் சாயம் செத்த நேரம் இருக்கட்டும் ஆத்தா."