உப்பு வாங்கப் போனவர்

என் அப்பா சேலைத் துணியில்தான் சட்டை தைத்துப் போடுவார். அம்மாவின் சேலை ஏதாவது நைந்து கிழிந்தால், அதில் நல்ல பாகமாகப் பார்த்து வெட்டி எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போய்விடுவார். மாம்பூ, மயில்கண், பச்சையில் பெரிய பெரிய சிவப்புச் செம்பருத்தி, எதுவானாலும் அவருக்குக் கூச்சமே கிடையாது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றால் கடைசித் தெருவிலிருந்தே தெரியும். கதை எழுதுகிறவர் என்றால் வெள்ளைச் சட்டையோடு யோசனையாக உட்கார்ந்திருப்பார் என்று ஊரில் ஒரு எண்ணம். இவர் செம்பருத்திச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஆற்றுக்குள் ஒரு பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு எழுதுவார். அதுவும் பென்சிலில்தான்.

“பேனா மை தண்ணியக் கண்டா ஓடிப்போயிரும் லே. பென்சில் வெறும் கரி. கரி எங்க போவும்?” என்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். வேறு அப்பாவாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பார். இவர், “சரி, நாளைக்கு எங்கூட ஆத்துக்கு வா” என்றார். அதை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. இப்போது நான் வாழைத்தார் ஏற்றுகிற லோடு வண்டி ஓட்டுகிறேன். இன்றைக்கும் நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் தடவிக்கொண்டு நழுவிவிடுவேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அம்மா உப்பு வாங்கிவரச் சொன்னாள். தெருமுனைக் கடைக்குப் போன அப்பா பதினோராம் நாள்தான் வந்தார். ஆற்றங்கரையோடு நடந்தே கொற்கை தாண்டிப் போய்விட்டாராம்.

“கடைக்காரன் கல்லு கலந்த உப்பக் குடுத்தான். வெளையுத இடத்துக்கே போயிருவோம்னு தோணிச்சு” என்றார். தோளில் நிஜமாகவே ஒரு பை உப்பு.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அடுப்பைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அப்பாவின் கடைசி நாவல் இதுதான். மலையடிவாரத்து ஊரில் ஒருவனை அவன் பெண்டாட்டி உப்பு வாங்க அனுப்புகிறாள். அவன் ஆற்றோடு நடந்து கடலுக்குப் போகிறான். அம்மா காய் நறுக்கும்போது ஒவ்வொரு அத்தியாயமாக அப்பா வாசித்துக் காட்டுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். “இவன் வீட்டுக்கு வருவானா மாட்டானா? அத மட்டும் சொல்லும்” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்பா சிரிப்பார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், இறந்தவர் துணிமணியைப் பாபநாசத்தில் ஆற்றில் விட வேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்பாவுக்கு அந்த வழக்கமே ஆகாது. “ஆறு என்னவே உங்க வீட்டு அழுக்குக்கூடையா?” என்று படித்துறையிலேயே சண்டை போட்டவர். அதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. இருபது பேர் சுற்றி நின்றார்கள். பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். துணியை விடாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழேதான் எல்லோரும் விடுகிறார்கள். நானும் விட்டேன். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார்கள், பார்க்காமல் வந்தேன்.

அதற்கு நாலாம் நாள் பாளையங்கோட்டையிலிருந்து அச்சகத்து அண்ணாச்சி போன் செய்தார். அப்பாவின் கூட்டாளி. மார்கழியில் கல்யாணம் கிடையாது, பத்திரிகை வேலையும் கிடையாது. சும்மா கிடக்கிற மெஷினில் அப்பாவின் நாவலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“கடைசி அத்தியாயத்தக் கொண்டாரும்வே. தை பொறந்துட்டா பத்திரிகை வேலை கழுத்தப் புடிச்சிரும்.”

“எங்கிட்ட இல்லியே அண்ணாச்சி.”

“முடிச்சாச்சு, நாளைக்குக் கொண்டாரேன்னு போறதுக்கு மொத நாள் போன்ல சொன்னாரே!”

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பரண், டிரங்குப் பெட்டி, அரிசிப்பானை வரைக்கும் கைவிட்டுப் பார்த்தாயிற்று. திடீரென்று அம்மா வாயில் கையை வைத்தாள்.

“ஏல, செம்பருத்திச் சட்டை! உள்பை!”

கதை எழுதுகிற நோட்டை வைப்பதற்கென்றே அப்பா எல்லாச் சட்டையிலும் உள்பக்கம் ஒரு பெரிய பை தைத்திருப்பார். ஆணியில் தொங்கிய சட்டையை அம்மா அப்படியே சுருட்டி மூட்டையில் வைத்திருக்கிறாள். ஒருதடவை கட்டின மூட்டையை அவிழ்க்கக் கூடாது என்பதால் யாரும் பார்க்கவில்லை.

வண்டியில் பாதித் தார் ஏற்றியிருந்தது. அதோடேயே கிளம்பிவிட்டேன். “கெடைக்காட்டா வீட்டுக்கு வராத” என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். அப்பாவையே பதினோரு நாள் பொறுத்தவள்! பாபநாசம் வரைக்கும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஆற்றில் விடுகிற துணியை எடுத்துப் பிழைக்கிறவர்கள் நாலைந்து பேர் அங்கே உண்டு. பாறையெல்லாம் வேட்டியும் சேலையுமாகக் காய்ந்தது. யாரிடம் போய்க் கேட்பது? எப்படி ஆரம்பிப்பது? படியில் நின்று பையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செம்பருத்திச் சட்டை நிற்கிறது. “அப்பா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சட்டை திரும்பியது. அடர்த்தியான மீசையோடு வேறு ஆள்.

“என்னவே, பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி நிக்கீரு?”

“அந்தச் சட்டை…”

“நல்லாருக்குல்லா? யாரோ வயசான மைனரு போட்டிருக்கணும்.”

“எங்க அப்பா.”

அவர் முகம் மாறிவிட்டது. மளமளவென்று பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். “தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு, விட்டதத் திரும்ப எடுக்கக் கூடாதுல்லா?”

“சட்டை வேண்டாம். உள்ள ஒரு நோட்டு…”

அவர் பொத்தானை விட்டுவிட்டு மரத்தடியைப் பார்த்துக் கூவினார். “ஏளா! நோட்டுக்காரர் வந்துட்டாரு!”

அவர் மனைவி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். “தரமாட்டேன்” என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. “ஒவ்வொரு தாளா நான்தான் கல்லு வச்சுக் காயவச்சேன். கடைசி ரெண்டு பக்கம் அட்டையோட ஒட்டிக்கிட்டு. அந்த மனுசன் வீடு போய்ச் சேந்தானா இல்லியா? அவன் எதுக்கு உப்பச் சொமந்துக்கிட்டு நடக்கான்? மொதல்ல அதச் சொல்லுங்க.”

சொன்னேன். முதல் அத்தியாயத்திலிருந்து, நின்ற நிலையில், முழு நாவலையும் சொன்னேன். கேட்கக் கேட்க மற்றவர்களும் கரையேறி வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது? கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதாக அவள் பிறகு சொன்னாள். முடித்தபோது எல்லோருடைய கண்ணும் ஒட்டிக்கிடந்த அந்த இரண்டு பக்கத்தின் மேல்தான்.

“கிழிச்சா கிழிஞ்சிரும்” என்றார் சட்டைக்காரர்.

“தண்ணியில நனைப்போம்” என்றேன்.

“கிறுக்கா வே உமக்கு? எழுத்துப் போயிருமே!”

“போவாது. கரிதான்.”

நோட்டின் அட்டையைப் பைய ஆற்றில் முக்கி எடுத்தேன். அந்தப் பெண் ஒரு ஈர்க்குச்சியை ஓரத்தில் நுழைத்து, இலைக்கு அடியில் ஒட்டின பூச்சி முட்டையைப் பிரிக்கிற மாதிரி, இம்மி இம்மியாகத் தள்ளினாள். ஒரு பக்கம் வந்தது. இன்னொன்றும் வந்தது. சாய்வான எழுத்து, ஒன்றுகூடக் கரையவில்லை! எல்லோரும் ஹோவென்று கத்தினோம்.

வாசிக்கப் போனவளை நிறுத்தி, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“கெடைச்சுதா?”

“கெடைச்சிட்டும்மா.”

“வந்தானா?”

தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பதால் உரக்க வாசிக்கவேண்டியிருந்தது. பாறையில் உட்கார்ந்தபடியே, எழுத்துக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன். அவன் வருகிறான். வாசலில் உப்புப் பையை இறக்குகிறான். எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஒரு பிடி அள்ளிக் கொதிக்கிற குழம்பில் போடுகிறாள். அவனைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொல்கிறாள்: “புளியும் தீந்துட்டு. அத நானே போய் வாங்கிக்கிடுதேன்.”

அவ்வளவுதான். அதோடு நாவல் முடிந்துவிட்டது.

சட்டைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி மூக்கை உறிஞ்சினாள். போனைக் காதில் வைத்தேன்.

“அடுப்பப் பாத்துல்லா சொன்னேன்” என்றாள் அம்மா. “முணுமுணுன்னுதான் சொன்னேன். அது அவரு காதுல விழுந்துட்டா?”

“விழுந்திருக்கும்மா.”

“இத்தன வருசமும் ஒரு வார்த்த சொல்லல பாரு, அந்த மனுசன்!” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. “ஏல, அந்த எடத்த இன்னொருவாட்டி வாசி. உக்காந்துக்கிட்டு வாசிச்சா சத்தம் வரமாட்டக்கு. எந்திச்சு நின்னு வாசி.”

நின்றேன். படித்துறையில் குளிக்க வந்தவர்கள்கூடத் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஈரம் சொட்டுகிற பக்கத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அக்கரைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன்.