மங்கை அக்காவின் நான்கு சின்னப் பைகள்

வெள்ளிக்கிழமை காலை, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு விதைப்பண்ணை வயலுக்குள் நின்று, வேறு ரகம் கலந்து முளைத்த கலவன் பயிர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மங்கை அக்காவின் கணவர் பாஸ்கரன் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் என்னை அழைப்பதே அபூர்வம். "உமா, மங்கை போயிட்டாம்மா," என்றார். "காபி ஆத்திக்கிட்டே நின்னா. அப்படியே சாஞ்சுட்டா." எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வரப்பில் எப்படி ஏறினேன் என்பது நினைவில்லை. வயல்காரர் என் கையிலிருந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று மாலை துக்க வீட்டில் என் காதுபடவே இருவர் பேசினார்கள். "அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு பைக்ல ஊர் ஊராச் சுத்துனா வேற என்ன ஆகும்?" எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாஸ்கரன் அண்ணன் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டேன். அக்காவின் இதயம் நின்றது அடுப்படியில். பைக் வாசலில் நின்றிருந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்வதற்காகத்தான்.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். விதைச்சான்று அலுவலர். நானும் அதே வேலை, அடுத்த மேசை. அலுவலகத்தில் மேடம், வெளியே வந்தால் அக்கா. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். வயலாய்வுக்கு எங்களில் பலர் ஜீப்புக்குக் காத்திருக்கும்போது, அவர் தன் பைக்கில் இரண்டு வயலை முடித்துவிட்டு வந்து நிற்பார். உட்கார்ந்து பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. கூட்டங்களில்கூடக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி சாவியைச் சுழற்றிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்காகவே அதிகாரிகள் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்த நாட்கள் உண்டு.

சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது அவர் வழக்கம். வேதாரண்யம், பிச்சாவரம், நாகூர் என்று எதுவாகவும் இருக்கும். "சனிக்கிழம கெளம்பலன்னா எனக்கு ஞாயித்துக்கிழம காய்ச்சலே வந்துரும்," என்பார். நான் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே, மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே போவேன். அவருக்கு அது கேட்டதாக எந்த ஆதாரமும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம்; அல்லது தினமும் நான்கு வேளை, வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கலாம் என்றார் மருத்துவர். அக்கா இரண்டாவதற்குத்தான் காதைத் தீட்டினார்.

"அந்தத் திரவத்தத் தூக்கிக்கிட்டு பைக்ல போலாமா டாக்டர்?"

"எங்க போகணும்?"

"எங்கயாவது."

மருத்துவர் சிரித்துவிட்டார். கூட நின்ற பாஸ்கரன் அண்ணன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியர், எதையும் இரண்டு முறை யோசிப்பவர். "வீட்டுல இருக்க முடியாதா ஒன்னால?" என்று மட்டும் கேட்டார். அக்காவால் முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

கணக்கு எளிது. சனிக்கிழமை காலை வேளையை வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்பினால், மறுநாள் மதியத்துக்குள் திரும்பும்வரை நான்கு பாக்கெட் திரவம் வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர். அதை எதில் எடுத்துப்போவது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் இரண்டு மாதம் முட்டிக்கொண்டது. பைக்கோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டிதான் பத்திரம் என்றேன் நான்.

"பெட்டி பைக்கோட கீழ நிக்கும், நான் லாட்ஜ்ல மாடியில இருப்பேன். ஒவ்வொரு வேளைக்கும் எறங்கி வரவா? கழட்டுற மாதிரிதான் வேணும் உமா."

சரி, கழற்றுகிற பைதான் என்றதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ராத்திரி பகல் பார்க்காமல் வாங்கியவர்கள் எழுதிய கருத்துரைகளைப் படித்து, சீட்டின் இருபுறமும் தொங்கும் பெரிய பைகள் இரண்டை இணையத்தில் வாங்கினேன். தண்ணீர் புகவே புகாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நேரடியாகத் திரவத்தை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. என் வீட்டு நெல்லைத் துணிப்பைகளில் நிரப்பி, பக்கத்துக்கு நான்கு கிலோ வைத்து, கும்பகோணம் வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பும்போது பாபநாசம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. நல்ல சோதனை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வீட்டுக்கு வந்து பைகளைக் கழற்றி மூலையில் போட்டவள், அப்படியே மறந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் திறந்தால், நெல் முளைத்திருந்தது. ஜிப் வழியாக நுழைந்த தண்ணீரை, ரப்பர் அடிப்பாகம் வெளியே விடாமல் தேக்கி வைத்திருக்கிறது. ஊரெல்லாம் விதையை ஊற வைத்து, சாக்கில் கட்டி முளைக்க விடுவார்கள்; விதைச்சான்று அலுவலர்கள் நாங்கள் பைக் பையிலேயே மூட்டம் போட்டிருந்தோம். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூறு நெல்லை எண்ணி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோலவே முளை பார்த்தார்.

"உமா, முளைப்புத்திறன் தேறிருச்சு. பைதான் தேறல."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த இடத்தில் அவருடைய பாக்கெட் இருந்திருந்தால்? ஈரமும் அழுக்கும் பட்டுக் கிருமி வயிற்றுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய பை.

அதன்பிறகு என்னை நம்பாமல் அவரே இறங்கினார். கும்பகோணத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் நின்று, ஜிப் இல்லாமல் வாயைச் சுருட்டி மூடும் பைகள் நான்கு தைக்கச் சொன்னார். ஊசி போன ஓட்டைகள் வழியாகவும் தண்ணீர் கசியும் என்று, தையலுக்கு உள்பக்கம் பட்டை ஒட்ட வைத்தார். பைக்கின் இருபுறமும் கம்பிச் சட்டம் வெல்டிங் ஆயிற்று. சைலன்சர் சூடு படாதபடி அந்தப் பக்கம் மட்டும் ஒரு சாண் உயரம். கொக்கியை அமுக்கினால் பை கையோடு வந்துவிடும். அரை மணி நேரம் மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார். உள்ளே வைத்த நெல் காய்ந்தபடியே இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஒவ்வொரு பையும் ஒரே ஒரு பாக்கெட்தான் கொள்ளும். "பெருசா ரெண்டு போதுமேக்கா? கனமா இருந்தா நான் தூக்கிட்டு வரேன்," என்றேன்.

"வயித்துல ஓட்டையப் போட்டுட்டு கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஒண்ணொண்ணா நானே தூக்கிருவேன்."

"அதான் நான் இருக்கேன்ல?"

"நீ வராத அன்னிக்கு?"

அப்போதுதான் உறைத்தது. தனியாகப் போவதற்காகவே அளவெடுத்துத் தைத்த பைகள் அவை. கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. சொல்லாமல் போகமாட்டேன் என்று சத்தியம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தப் பைகளோடு நாங்கள் போன பயணங்களைச் சொன்னால் இடம் போதாது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர் தனியாகப் போனார். தரங்கம்பாடி லாட்ஜ் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். ஜன்னல் கம்பியில் பாக்கெட் தொங்கியது, பின்னால் கடல். "பாரு உமா, நாலு தடவ மாடி ஏறுனேன். ஒண்ணும் ஆகல," என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. நான் அதைப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அதன்பின் பதினெட்டு நாள் அடுத்த மேசையில் இருந்துகொண்டே பேசவில்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மாலை, அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு, எடுக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பாஸ்கரன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சனிக்கிழமைக்குன்னு வியாழக்கிழமையே கட்டி வச்சுட்டா. எனக்குத் தெறக்கத் தெரியலம்மா. நீ பாரேன்." அலமாரிக்குக் கீழே நான்கு பைகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகச் சுருளைப் பிரித்தேன். பாக்கெட், கை துடைக்கும் தாள், வயிற்றுக் குழாய்க்கான மூடி. பாக்கெட்டை மாற்றும்போது அறையில் இருக்கும் எல்லோரும் முகக்கவசம் போட்டாக வேண்டும். ஒருவர் என்றால் வேளைக்கு ஒன்று போதும். நான்கு பையிலும் இரண்டிரண்டு முகக்கவசங்கள் இருந்தன.

எனக்கென்று வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பாஸ்கரன் அண்ணனுக்குப் பாதி முகமாவது தெரியாமல் இருக்கட்டும் என்று.

சுற்றினதால்தான் போனார் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மூன்று வருடமும் அவரை உட்கார விடாமல் வைத்திருந்தவை அந்தச் சனிக்கிழமைகள். தனியாகப் போனதில் எனக்கு இன்னமும் கோபம்தான், அக்கா. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பைதான் சரியான பை. புதன்கிழமை போனை எடுத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.