லூர்து அத்தை கேட்ட கேள்விகள்

சாந்தோம் குப்பத்திலிருந்து ஆள் வந்து, லூர்து அத்தை இறந்துபோய்விட்டாள் என்று சொன்னபோது நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "யாரு பாத்தது?" என்று கேட்டேன். வந்தவர் விழித்தார். அது என் கேள்வியல்ல, அவளுடையது. மயிலாப்பூரில் அவளிடம் மீன் வாங்கிய எல்லோருக்கும் பழக்கமான கேள்விதான்.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவள் எந்த மீனையும் வாங்கியதில்லை. மனிதர்களிடமும் அப்படித்தான். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, "சாமியாரு இத யாராண்ட சொல்வாரோ" என்று முணுமுணுப்பாள்.

அப்பா கடலோடு போனபின் என்னை வளர்த்தவள் அவள். எனக்குப் பதிமூன்று வயதில், லஸ் பக்கத்து வாடிக்கை வீட்டு வக்கீல் அம்மாள், என்னைத் தன்னோடு வைத்துப் படிக்க வைப்பதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தையோ அந்த வீட்டுக் கொல்லையில் நின்று, பெண் பண்டிகைக்கு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். அடிக்கடி வந்தால் பழைய வாடை போகாது என்றார் அம்மாள். அந்தோணியம்மாள் என்ற என் பெயரையும் சாந்தா என்று மாற்றிவிடலாமாம். எல்லாம் அன்பாகத்தான் சொன்னார்.

"சோறு போடறதுக்குப் பேரு இன்னாத்துக்கும்மா மாத்தணும்?" என்று கேட்டுவிட்டு, அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று அவளை அடியோடு வெறுத்தேன். எங்களவர்களில் பெண் வயதுக்கு வந்தால் தலையில் மீன்கூடை ஏறும். அதற்குத்தான் என்னைப் பிடித்து வைக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் காதில் ஓதினார்கள், நானும் நம்பினேன். அவள் என்ன செய்தாலும் சந்தேகம். சோற்றில் பெரிய மீன் துண்டு விழுந்தாலும் சந்தேகம். ஒருநாள் புதுக்கூடை ஒன்று வந்தது. ஆயிற்று, நம் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தக் கூடையைத் தன் தலையிலேயே தூக்கிக்கொண்டாள். சாயங்காலமும் ஒரு நடை விற்கப் போனாள். காலையில் பள்ளிக்கூட வாசல்வரை என்னோடு நடந்தாள். கூடப் படித்தவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று அழுதேன்.

"பொத்தட்டும். நீ உம்பேர கூப்டா எழுந்து நில்லு" என்றாள்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தீர வருஷங்கள் ஆயின.

அடக்கத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், யார் துணையும் இல்லாமல் முன்னுக்கு வந்த பெண் என்று என்னைப் புகழ்ந்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தேன். கேட்க ஆளில்லாத பெண்ணுக்குத்தானே யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம்? இப்படிச் சந்தேகப்படும் குணம் ஒன்றைத்தான் அத்தை எனக்கென்று விட்டுப் போயிருக்கிறாள். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"எனக்கு ஆள் இருந்தாங்க ஐயா," என்றேன். "இப்பத்தான் மண்ணு போட்டுட்டு வரேன்."