லூர்து அக்கா கொடுக்க வேண்டிய செம்பு

போடிமெட்டிலிருந்து இறங்கி வந்த ஜீப்பில் அன்று மூட்டை எதுவும் இல்லை. டிரைவர் எங்கள் ஏலக்காய்க் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாயில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த நாங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தோம்.

"லோடு எங்க அப்பு?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

"ஏத்தலண்ணே. லூர்தக்காவை அவுக வீட்டுல எறக்கிட்டு வர்றேன்."

"காய்ச்சல் விட்டுருச்சா?"

டிரைவர் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டு, "விடியக்காலம் முடிஞ்சு போச்சுண்ணே" என்றார்.

என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. பறிப்புக்கு ஆள் பற்றவில்லை என்று அக்கா மலைக்குப் போனதிலிருந்து அது காலிதான். ஆனாலும் எல்லோரும் அப்போதுதான் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்து கோயிலில் செபம் சொன்ன அன்று, அக்காவைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசலாமே என்று கேட்டார்கள். எங்களோடு காய் பொறுக்கும் பேச்சி மயினி என் முழங்கையை இடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத வரும். அக்காவைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று நான் கடைக்கு வந்த முதல் நாள், கணக்கப்பிள்ளை என் பேரைக் கேட்டார். எனக்குக் குரல் எழும்பவில்லை. முன்பின் தெரியாத லூர்து அக்கா, "பேரு நாளைக்குச் சொல்லுவா, இன்னைக்கு வேலையப் பாருங்க" என்று என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு கடையில் என் பேச்சையெல்லாம் அவரே பேசினார். எனக்குத் தலைவலி என்றால்கூட அவர்தான் சொல்வார். "ஏளா, நான் செத்தா நீ தும்மக்கூட ஆள் தேடணும்" என்று கேலி செய்வார். அன்று எல்லோரும் சிரித்தோம்.

அவர் தூத்துக்குடிக்காரர். இத்தனை வருசம் போடியில் இருந்தும் அந்த 'ஏளா' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. உப்பு ஏற்ற வந்த லாரியின் டிரைவரான நம் சிலமலை ஊர்த் தங்கராசு அண்ணனைக் கட்டிக்கொண்டு, அதே லாரியில் உப்பு மூட்டைகளோடு இங்கே வந்தவர். வேற்று மதம், வேற்று ஊர். இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அவருடைய அண்ணன் சொல்லிவிட்டதாக நமக்கெல்லாம் தெரியும். அவர் அதைச் சொன்னதில்லை. கடலைப் பற்றி மட்டும் ஓயாமல் சொல்வார். "ஒங்க மலை என்ன மலை. நின்ன எடத்துலேயே நிக்கி. எங்க கடல் ஒரு நிமிசம் சும்மா இருக்குமா?"

"அப்ப அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதான" என்று பேச்சி மயினி ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அக்கா முறத்தைத் தட்டி, பூச்சிக் காயை ஒதுக்கினார்.

பறிப்பு முடிந்ததும் முதலாளி வருசா வருசம் எங்களைச் சுருளி அருவிக்கு அழைத்துப் போவார். போன தடவை, "கடல் பாப்போம் முதலாளி, இவளுக ஒருத்தியும் பாத்ததில்ல" என்று அக்கா கேட்டார். முதலாளி சரி என்று ஒரு பஸ்சைப் பேசிவிட்டார். எங்களுக்கு ஒரே கும்மாளம். அக்கா மட்டும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அன்று அவர் பொறுக்கிய குவியலில் பெருங்காயும் பொடிக்காயும் கலந்து கிடந்தன. நான் சத்தமில்லாமல் அதைப் பிரித்து வைத்தேன்.

விடியும்போது தூத்துக்குடியில் இறங்கினோம். பேச்சி மயினி கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு அக்கரை எங்கடி இருக்கு?" என்றார். "இருக்கு மயினி, ஒங்க கண்ணுக்கு எட்டல" என்றார் அக்கா. அலை வந்து காலில் பட்டதும் மயினி சேலையைச் சுருட்டிக்கொண்டு ஓடியதை அக்கா நடித்துக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

அன்றைக்கு அவர் எங்களுக்கு ஊரையே காட்டினார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இங்கேயே செத்துப்போன வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். அதில் செதுக்கியிருந்த எழுத்து எங்களில் யாருக்கும் படிக்க வரவில்லை. பெரிய மாதா கோயில். வெயிலில் கண்ணைக் கூசவைத்த உப்புக் குவியல்கள். முத்துக் குளித்த காலத்தில் நாள்கணக்கில் சிப்பி நாறிக்கொண்டு கிடந்த கரை என்று ஓர் இடத்தைக் காட்டினார். தோணித்துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கடந்து போகும்போது நின்று மூக்கை உறிஞ்சினார். "என்ன தாயி, எல்லாரும் பாயாசப் பானைக்குள்ள இருந்தா எந்திரிச்சு வாறிய?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் மோந்து பார்த்தோம். எங்களுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. ஏலக்காய்த் தூசி சேலையில் ஏறினால் எத்தனை தடவை துவைத்தாலும் போகாது என்று எங்களுக்குத் தெரியும். அது மற்றவர்களுக்கு அவ்வளவு வாசமாக அடிக்கும் என்று தெரியாது.

அக்கா காலையிலிருந்து முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். வெயிலுக்கு என்று நினைத்தேன். குறிப்பிட்ட ஒரு தெருமுனை வரும்போதெல்லாம் எங்களை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

"அங்கிட்டு என்னக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வீடுகதான்."

மத்தியானம் சாப்பிட்டு எல்லோரும் கோயில் நிழலில் படுத்தபோது, அக்கா என் கையைப் பிடித்து எழுப்பி அதே தெருமுனைக்கு அழைத்துப் போனார். "நீலக் கதவு போட்ட வீடு. போயி குடிக்கத் தண்ணி கேளு. யாரு வந்து குடுக்காவன்னு பாத்துட்டு வா. என் பேரை மட்டும் எடுத்துராத."

"நானா?" என்றேன்.

"நீதாம்ளா. மத்தவளுக வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாளுக."

நீலக் கதவு திறந்திருந்தது. தலை முழுக்க நரைத்த ஓர் அம்மா முறத்தில் காய்ந்த இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேண்டாததைப் பெருவிரலால் சுண்டி எறிந்த விதத்தைப் பார்த்ததும் யாருடைய அம்மா என்று தெரிந்துவிட்டது. நான் கையைக் குவித்து வாயருகே காட்டினேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த ஊருளா நீ? ஒங்கிட்ட ஏலக்கா மணம் அடிக்கி."

நான் செம்பைக் கீழே இறக்கினேன்.

"போடியா?"

தலையை ஆட்டினேன்.

"தனியாவா வந்த?"

இல்லை என்று ஆட்டினேன். அந்த அம்மா தெருவை எட்டிப் பார்க்கவில்லை. பேரும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் செம்பில் மறுபடி தண்ணீர் நிறைத்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இதக் கொண்டுபோயி அவளுக்குக் குடு. அவ அண்ணன் கடலுக்குப் போயிருக்கான், பொழுது சாயத்தான் வருவான். செம்ப அவளையே கொண்டாரச் சொல்லு."

தெருமுனையில் நான் அதை அப்படியே சொன்னேன். அக்கா இரண்டு கையாலும் செம்பை வாங்கினார். நாமெல்லாம் வெளியில் யார் செம்பிலும் அண்ணாந்துதான் குடிப்போம். அக்கா விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார், தன் வீட்டில் குடிக்கிற மாதிரி. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, நீலக் கதவைப் பார்த்து நாலைந்து எட்டு நடந்தார். பிறகு நின்று, கையிலிருந்த செம்புக்குள் பார்த்தார்.

"வெறுஞ்செம்ப எப்பிடிளா திருப்பிக் குடுக்க?"

நம் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடுப்போம். பக்கத்துக் கடையில் பழம் தொங்கியது. நான் அதைக் காட்டினேன்.

"கடைப் பழத்த வச்சா பத்துமா? இத்தன வருசம் கழிச்சுப் போறேன். என் கை பட்ட ஏலக்காயா இதுல நெறைய இருக்கணும். அடுத்து வரும்போது கொண்டாரேன்."

அதற்குள் பேச்சி மயினி அந்தப் பக்கம் நின்று, "வெரசா வாங்கடி, பஸ்சு கெளம்புது" என்று கூப்பிட்டார். அக்கா செம்பை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

ஆடியில் தூத்துக்குடி மாதா திருவிழா வந்தது. அப்போது பழைய காய்தான் இருந்தது. பழையது வேண்டாம், புதுப் பறிப்பு வரட்டும் என்றார் அக்கா. பிறகு கிறிஸ்துமஸுக்குப் போகலாம் என்றார். அந்தக் காயைத் தானே பறிக்க வேண்டும் என்றுதான் இந்தத் தடவை மலைக்குப் போனார் என்பது அப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் நனைந்து காய்ச்சல் வந்தபோதும், நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்று ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தூத்துக்குடிக்குத் தந்தி கொடுப்போமா என்று முதலாளி கேட்டார். தங்கராசு அண்ணன் வேண்டாம் என்றார். "அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது முதலாளி. ஊர்க்காரன் எவனாவது வாசல்ல நின்னு வாசிப்பான். நேருல போயித்தான் சொல்லணும்."

ஜீப்பில் வந்த அக்காவின் துணி மூட்டைக்குள் ஒரு முடிச்சு ஏலக்காய் இருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை. அவர் வீட்டுப் பலகையில் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்த செம்பை எடுத்து அதில் அந்தக் காயைப் போட்டுப் பார்த்தோம். பாதிதான் நிறைந்தது. மீதியைக் கடையிலிருந்த நாங்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பொறுக்கிப் போட்டோம். பேச்சி மயினி ஒரு காயைப் போடுவதும், இது நல்லாயில்லை என்று எடுப்பதுமாக இருந்தார்.

வருகிற சனிக்கிழமை தங்கராசு அண்ணனும் நானும் போகிறோம். "நான் தெருமுனை வரைக்கும் வர்றேன் ஆத்தா. நீதான் உள்ள போகணும்" என்கிறார் அவர். செம்பை அவளையே கொண்டுவரச் சொல் என்று சொன்ன அம்மாவின் முன்னால் நான் அதைக் கொண்டுபோய் நிற்கப் போகிறேன். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வர முடியாது.

செம்பு அந்த வீட்டுக்குப் போய்விடும். எனக்கென்று அக்காவிடமிருந்து மிஞ்சியிருப்பது, அந்தத் தெருமுனையில் நான் ஒருத்தி மட்டும் பார்த்தது. அதையும் அந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று நாளாகக் காய் பொறுக்கிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று சத்தம் கொஞ்சம் வெளியே வந்தது.

"ஒங்க செம்புல அக்கா வாய் வச்சுத்தான் குடிச்சாக."