சிறுத்துப்போன சவுக்காரம்

மலாயாவில் கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடித்தனம் தொடங்கிய புதிதில், அடுத்த வீட்டு அக்காவைத் திருடி என்று நினைத்திருந்தேன். எல்லாம் துணி துவைக்கும் சவுக்காரத்தால் வந்தது.

பால்மரம் வெட்டப் போகிறவர்களின் துணியில் ரப்பர் பால் ஒட்டிக் கறுத்துவிடும். கடைத்தெருவில் சீனர் ஒருவர் மஞ்சள் சவுக்காரப் பாளத்தைக் கம்பியால் அறுத்து விற்பார். கையில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமான இரண்டு கட்டிகளை வாங்கி வருவேன். ஒன்றில் துவைப்பேன். மற்றதைத் தொடாமல் அடுப்புக்கு மேல் பலகையில் வைப்பேன். பத்து நாள் கழித்து எடுத்தால், தொடாத கட்டி சிறுத்திருக்கும்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நடுவிலிருந்த பலகைத் தடுப்பு கூரைவரை எட்டாது. அக்கா காலையில் நெருப்பு வாங்க என் அடுப்படிக்கே வருவாள். கொடியில் அவள் துணிகள் என்னுடையதைவிட வெளுப்பாகத் தொங்கும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவள் வந்தால், “அடுப்பு அணைஞ்சிருச்சுக்கா” என்று வாசலிலேயே நின்று பொய் சொல்லத் தொடங்கினேன்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி செய்தேன். புதுக்கட்டியின் இரண்டு நுனிகளிலும் ஆணியால் பெருக்கல் குறி கீறி வைத்தேன். எந்தப் பக்கம் அறுத்தாலும் ஒரு குறி போய்விடும். பத்து நாளில் கட்டி சிறுத்தது. குறிகள் இரண்டும் அப்படியே இருந்தன. ஓரங்கள் மட்டும் உள்வாங்கி வளைந்திருந்தன. யாரும் அறுக்கவில்லை, உள்ளேயிருந்த தண்ணீர்தான் காய்ந்துபோயிருக்கிறது.

கட்டியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவளைச் சந்தேகித்ததையும் குறி கீறி வைத்ததையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவே அவளுடைய சவுக்காரமும் ஓரம் வளைந்து கிடந்தது.

“நீ எடுக்கிறேன்னுதான் இத வச்சுப் பூட்டினேன்,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அவளைச் சந்தேகித்ததைவிட, அவள் என்னைச் சந்தேகித்ததுதான் அதிகமாக வலித்தது.

அடுத்த சம்பளத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். ஈரமான மேல் அடுக்கை விட்டுவிட்டு, அடியில் காய்ந்து வெடிப்பு விட்டுக் கிடந்த கட்டிகளை இழுத்தோம்.

“இத்து லாமா லா, தா பாகுஸ்!” என்று கடைக்காரர் மலாயில் சொல்லித் தடுத்தார்.

“பழசாம், நல்லா இல்லையாம். பழசுதான் வேணும்,” என்றாள் அக்கா. கட்டைவிரலால் அழுத்தினாள், குழி விழவில்லை. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள்.

“காரம் சுருக்குன்னு ஏறலை. இது கையைப் புண்ணாக்காது தங்கச்சி.”

நானும் தொட்டுப் பார்த்தேன். அவள் சொல்லை அப்படியே நம்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அந்தக் கட்டி முன்பு வாங்கியவற்றைவிட இரண்டு மடங்கு நாள் வந்தது. அக்கா மட்டும் வெகுநாள்வரை என் அடுப்படிக்கு வராமல் லயத்தின் கடைசி வீட்டில்தான் நெருப்பு வாங்கினாள்.