தட்டாமல் கிடந்தவர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர், அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. "அப்பா, கைகாலை உடைச்சுக்கிட்டு வந்து நிக்காதீங்க" என்றாள் மகள் போனில். முதுகுவலிக்கு நல்லதாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். முதுகுக்கு ஒரு கேடும் இல்லை.

நடந்தது இதுதான். பழுதான லிஃப்டைப் பார்க்கப் போன இடத்தில், மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. எதிரே ஒரு கூடம். உள்ளே இருபது பேர், ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்பேனரும் கையுமாக வாயைப் பிளந்து பார்த்தவர், அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி சாலையைக் கடக்கும்போது விரலைப் பிடிக்கமாட்டாள். மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். நண்டுப்பிடி. "நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" என்பார் இவர். "யார் கண்டா?" என்பாள். கடைசியில் போய்ச் சேர்ந்தது அவள்தான், மூன்று வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அவர் கையை யாரும் பிடிக்கவில்லை. கைகுலுக்கலாமே என்றால், கிரீஸ் கையை எவன் குலுக்குவான்?

சனிக்கிழமை காலைகளில் அவருக்கு ஜோடி ஒரு பேக்கரிக்காரர். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை. எதிராளியின் மணிக்கட்டைத் திருகி, குப்புறக் கிடத்தி, தோளைத் தரையோடு அழுத்தவேண்டும். வலி வந்ததும் கீழே கிடப்பவர் மறு கையால் விரிப்பில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தட்டிய நொடியில் மேலே இருப்பவர் விட்டுவிடவேண்டும். வகுப்பில் மீறக்கூடாத சட்டம் அது ஒன்றுதான்.

எல்லாரும் தட்டினார்கள். லிஃப்ட்காரர் மட்டும் கண்ணை மூடி, தேமேயென்று கிடந்தார். பேக்கரிக்காரருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. "தட்டுங்கண்ணே! உங்க கை என்ன ரப்பரா?"

மூன்றாவது வாரம் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் மகள் வயதுதான் இருக்கும் மாஸ்டருக்கு; ஆனால் அந்தப் பெண் சொன்னால் சொன்னதுதான். "இன்னொரு தடவை தட்டாம இருந்தீங்கன்னா, இனிமே வராதீங்க. எலும்பு முறிஞ்சா யார் பதில் சொல்றது?"

சனிக்கிழமை இல்லாத வாரத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த முறை, உடனே தட்டிவிடுவது என்ற முடிவோடுதான் படுத்தார். பேக்கரிக்காரர் இடது கையைப் பிடித்தார். அந்தச் சூடான உள்ளங்கை மணிக்கட்டைச் சுற்றி மூடியது. தட்டுவதற்காக எழும்பிய வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"நிறுத்துங்க" என்றார் மாஸ்டர். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிச்சுதும்மா."

"அப்புறம் ஏன் தட்டலை?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். இந்த முறை முதுகுகூட உதவிக்கு வரவில்லை.

"தட்டினா விட்டுருவாரேம்மா."

பேக்கரிக்காரர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை படுங்கண்ணே" என்றார்.

படுத்தார். பிடி இறுகியது. வலி முழங்கைக்கு வருமுன்பே இரண்டு தட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி. பேக்கரிக்காரர் முறுக்கைத் தளர்த்தினார். கையை விடவில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு அடுத்த ஜோடியிடம் போய்விட்டார்.